சிறுதேரும் சுழல்வட்டும்

விளையாட்டை இலக்கியப் பொருளாகக் கொள்வதற்குத் தமிழ் என்றும் நாணியதில்லை. மெய்ப்பாடுகளை வகுத்த தொல்காப்பியர், உவகை பிறத்தற்குரிய நான்கு நிலைக்களன்களுள் விளையாட்டையும் ஒன்றாக வைத்தார். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர் பெருமக்கள், ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதி மூன்றனைச் சிற்றிலுக்கும் சிறுபறைக்கும் சிறுதேருக்கும் உரியவாக்கினர். முருகனையும் குழவியாக்கி, அவன் கையிலே சிறுதேரைக் கொடுத்து மகிழ்ந்த மொழி இது. ஆதலின், இக்காலத்தார் தம் பிள்ளைப் பருவத்து விளையாட்டுக் கருவி ஒன்றனை நினைந்து ஏங்கும் ஏக்கத்தைத் தமிழாசிரியர் ஒருவர் ஆராயப் புகுந்தால், அஃது அவர்தம் தகுதிக்குக் குறைவு என்று எவரும் கருத வேண்டுவதில்லை.

இங்கு ஆராய எடுத்துக்கொண்ட கருவி, தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து விளையாடும் பிளேஸ்டேஷன் என்னும் பொறி. ஜப்பானிய நிறுவனமாகிய சோனி, 1994ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் அதனைத் தன் நாட்டில் வெளியிட்டது. அதற்குமுன் பரவியிருந்த பொறிகளில், விளையாட்டு ஒரு சிறு பெட்டிக்குள் மின்சில்லாக அடைபட்டு வரும்; செருகிய அளவிலே ஓடும். பிளேஸ்டேஷனோ, பாட்டுக் கேட்கும் குறுவட்டைப் போன்ற ஒரு வட்டைச் சுழற்றி, ஒளிக்கற்றையாற் படித்து விளையாட்டை ஓட்டிற்று. பத்துக் கோடி என்னும் எண்ணிக்கையைக் கடந்து சென்ற முதல் வீட்டு விளையாட்டுப் பொறி அதுவே. அதற்கு ஒரு குறையும் இருந்தது. வட்டைப் படிக்கும் உறுப்பு நம்பத்தக்கதாய் இருக்கவில்லை.

கிள்ளானிலும் செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் வளர்ந்து, இன்று முப்பத்தைந்தும் நாற்பதும் கடந்து நிற்கும் தமிழரிடம் அப்பொறியின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். வென்ற ஆட்டங்களைப் பிறகுதான் சொல்வர். வட்டு ஓடாது நின்ற கதையையே முதலிற் சொல்வர். பொறியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்ததையும், வட்டைச் சட்டை நுனியால் துடைத்ததையும், மூடியின்மேல் பாடப்புத்தகத்தைப் பாரமாக வைத்ததையும், வெண்திரை மறைந்து கருந்திரையும் சின்னமும் தோன்றுமா என்று மூச்சடக்கிக் காத்திருந்ததையும் விரித்துரைப்பர். ஈற்றில், அந்தக் காலம் இனி வாராது என்று பெருமூச்சு விடுவர். ஓடிய பொறியைவிட ஓடாத பொறியைப் பற்றி இத்துணை அன்போடு பேசுவது ஏன்? இப்பேச்சுக்கு இலக்கியத் தகுதி உண்டா? உண்டெனில் எப்பொழுது உண்டு? இவையே நம்முன் உள்ள வினாக்கள்.

இரு சங்கச் சான்றுகள்

கழிந்த விளையாட்டை எண்ணி ஏங்குவது தமிழுக்குப் புதிதன்று. புறநானூற்றின் 243ஆம் பாட்டைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். முதியவர் ஒருவர் தம் இளமையை நினைக்கிறார். மணலிலே பாவை செய்து அதற்குப் பூச்சூட்டியதையும், பொய்கையில் மகளிரொடு கைகோத்து ஆடியதையும், நீர்த்துறையிலே தாழ்ந்திருந்த மருத மரத்தின் கிளையேறிக் கரையில் நின்றோர் வியக்க மடுவிற் குதித்து, அடியாழத்து மணலை அள்ளிக் காட்டியதையும் கூறுகிறார். இன்றோ கையில் கோல். பேச்சுக்கு நடுவே இருமல். அந்த இளமை எங்குற்றதோ என்று இரங்குகிறார்.

இப்பாட்டின் சிறப்பு யாது? இளமை இனியது என்று புலவர் எங்கும் வாதிடவில்லை. மணலையும் பூவையும் கிளையையும் மடுவின் ஆழத்தையும் ஒருபுறம் நிறுத்துகிறார். கோலையும் இருமலையும் மறுபுறம் நிறுத்துகிறார். இடையிலுள்ள தொலைவை நாமே அளந்துகொள்கிறோம். அப்புலவரின் இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை. பாட்டிலே தாம் குறித்த கோலின் பெயரால், தொடித்தலை விழுத்தண்டினார் என்றே வழங்கப்படுகிறார். பொருளைத் துல்லியமாகச் சொன்னவர்க்கு அப்பொருளே பெயராய் அமைந்தது.

மற்றொரு சான்று பட்டினப்பாலையில் உள்ளது. காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றத்திலே உணவுப்பொருள் காய்கிறது. கோழி வந்து கொத்துகிறது. காவலிருந்த மகளிர், கைக்குக் கிடைத்த கனத்த காதணியை எடுத்து அதன்மேல் எறிகின்றனர். அவ்வணி, சிறுவர் உருட்டி வரும் மூன்று காற் சிறுதேரின் வழியிலே கிடந்து அதனைத் தடுக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் காட்சி இது.

இங்கே ஒரு விளையாட்டுக் கருவி ஓடாது நிற்கிறது. அதனைப் புலவர் ஏன் பாடினார்? தேர் தடைப்படுவது இன்பம் என்பதற்காகவா? வழியிற் கிடக்கும் குழை அந்நகரின் செல்வத்தைக் காட்டுகிறது. அதனை எடுத்தெறிந்த கை அங்குள்ளாரின் கவலையின்மையைக் காட்டுகிறது. இத்தகைய தடையன்றி வேறு பகையை அறியாத குடிகள் என்பதையும் புலவர் உடன் கூறுகிறார். நின்றது ஒரு சிறுதேர். தெரிந்தது ஒரு நகரம்.

இவ்விரு சான்றுகளிலிருந்தும் நமக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. கழிந்த விளையாட்டைப் பற்றிய நினைவுரை, பொருள்களைத் துல்லியமாகக் கூறவேண்டும். தடையைக் கூறினால், அத்தடை எதனைக் காட்டிற்று என்பதையும் கூறவேண்டும். உவகைக்குரிய விளையாட்டும் அழுகைக்குரிய இழவும் ஒருங்கு சேரும் இடத்தில் பிறப்பது இவ்வுணர்ச்சி. இரண்டில் எது குறைந்தாலும் உரை சுவை கெடும். உவகை மட்டும் இருப்பின் வெறும் தற்பெருமையாகும். இழவு மட்டும் இருப்பின் வெறும் புலம்பலாகும்.

தோட்டத்திலிருந்து அடுக்ககத்திற்கு

இனி நம் நாட்டு நிலைமைக்கு வருவோம். மேலைநாட்டார் இவ்வேக்கத்தை ‘நோஸ்டால்ஜியா’ என்பர். 1688இல் பாசெல் நகரில் மருத்துவம் பயின்ற யோகான்னஸ் ஹோபர் என்பார், வீடு திரும்புதல், நோவு என்னும் பொருள்தரும் இரண்டு கிரேக்கச் சொற்களை இணைத்து அதனை ஆக்கினார். ஊரை விட்டுப் பிரிந்தோர்க்கு வரும் நோய் ஒன்றன் பெயராகவே அது பிறந்தது. இடத்தைப் பற்றிய அவ்வேக்கம் காலத்தைப் பற்றிய ஏக்கமாக மாறியது பின்னர் நிகழ்ந்தது.

மலேசியத் தமிழர் வாழ்வில் இம்மாற்றத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காணலாம். பாட்டனார் தஞ்சையையோ சேலத்தையோ நினைந்து ஏங்கினார். தந்தையார் தாம் பிறந்த இரப்பர்த் தோட்டத்தை நினைந்து ஏங்கினார். கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் பல நகரங்களாயின. சுபாங் ஜெயாவும் யூ.எஸ்.ஜே.யும் சீபீல்டு தோட்டத்து நிலத்தின்மேல் எழுந்தவை. லயத்து வீட்டை விட்டவர் பலர் மலிவு விலை அடுக்ககங்களிலும் வரிசை வீடுகளிலும் குடியேறினர். ஆற்றங்கரையும் இல்லை, மருத மரமும் இல்லை. வாகனம் நிற்கும் வெளியே முற்றம். முன்னறையே விளையாட்டுக் களம். அங்கே வளர்ந்த பேரனுக்கு நினைந்து ஏங்குவதற்கு எது உண்டு? முன்னறையும், தொலைக்காட்சிப் பெட்டியும், அதன் முன்னே பரப்பிய பாயும், பாயின்மேல் அப்பொறியுமே உண்டு.

பிரிக்பீல்ட்ஸின் கதையும் இதனோடு ஒத்ததே. செங்கற் சூளைகளாற் பெயர்பெற்று, இரயில்வேத் தொழிலாளராற் பெருகிய ஊர் அது. அங்கிருந்த பழைய இரயில்வே நிலத்திலே 2001இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் எழுந்தது. 2010இல் லிட்டில் இந்தியா என்னும் அலங்கார வளைவுகள் வந்தன. இரயில்வே ஊழியர் குடியிருந்த நூறு வீட்டுக் குடியிருப்பு இன்று இல்லை. அங்குப் பிறந்தவர்க்குத் திரும்பிச் சென்று காணும் இடம் குறைந்துவிட்டது. இடம் போயின், கைக்கு அடங்கிய பொருளின்மேல் நினைவு சென்று ஒட்டிக்கொள்வது இயல்பே.

வட்டுகள் வந்த வழியையும் சொல்லாதிருத்தல் நேர்மையன்று. உரிமையோடு வெளியிட்ட வட்டின் விலை உழைப்பாளர் குடும்பத்திற்கு எட்டாதது. இம்பி பிளாசாவிலும், 1999இல் திறக்கப்பெற்ற லோயாட் பிளாசாவிலும், வாரந்தோறும் கூடும் பாசார் மாலாமிலும் சில ரிங்கிட்டுக்குக் கிடைத்த களவு வட்டுகளே வீடுகளை அடைந்தன. பொறியோ, மூல வட்டின் தொடக்கத்திலே அமைந்த ஒரு நுண்ணிய அலைவுக் குறியைத் தேடும், காணாவிடின் மறுக்கும். அக்குறியைப் பொய்யாக ஊட்டும் சில்லு ஒன்றைக் கடைக்காரர் உள்ளே பற்றவைத்துக் கொடுப்பார். இந்நிலையை ஒழுங்குசெய்யவே, வட்டு உற்பத்திக்கு உரிமம் வேண்டும் என்னும் ஒளிவட்டுச் சட்டம் 2000இல் இந்நாட்டில் இயற்றப்பட்டது.

வட்டு ஏன் நின்றது?

தடையை நினைந்து ஏங்குவோர் தடையின் காரணத்தை அறிந்திருத்தல் நன்று. குறுவட்டு என்பது 1.2 மில்லிமீட்டர் தடிப்புள்ள தெளிந்த பிளாஸ்டிக் தகடு. அதன் மேற்புறத்தை ஒட்டி, மிக மெல்லிய உலோகப் பூச்சின் கீழே, நுண்ணிய குழிகள் ஒரே சுருள்வரியாக அமைந்துள்ளன. சுருளின் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் உள்ள இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர்; அஃதாவது ஒரு மில்லிமீட்டரின் நீளத்துள் அறுநூறு வரிகளுக்கு மேல் அடங்கும். அச்சுருளைப் பிரித்து நீட்டினால் ஐந்து கிலோமீட்டருக்கு மேற்செல்லும். 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள, கண்ணுக்குப் புலனாகாத ஒளியொன்று கீழிருந்து பாய்ந்து, குழியிலும் மேட்டிலும் பட்டு மீள்கிறது. வட்டு சுழலுங்கால் சிறிது மேலும் கீழுமாக ஆடும். அவ்வாட்டத்தைத் தொடர்ந்து வில்லையும் நொடிதோறும் பன்முறை எழுந்து தாழவேண்டும். இத்துணை நுண்மையை ஒரு விளையாட்டுப் பொருளுக்குள் வைத்தது வியப்பே.

பிளேஸ்டேஷனின் முதல் உருவங்களில், வில்லையைத் தாங்கி நகரும் சட்டம் பிளாஸ்டிக்கால் ஆனது. நாளடைவில் அது தேய்ந்து சாய்ந்தது. மின்வழங்கிப் பகுதி அருகிலேயே இருந்தமையால் வெப்பமும் தாக்கிற்று. ஒளி நேரே பாயாது கோணிப் பாய்ந்தது; படிப்புத் தவறிற்று. பொறியைக் கவிழ்த்தால் தேய்ந்த பக்கத்தை விட்டுச் சட்டம் மறுபக்கம் சார்கிறது, சாய்வு ஓரளவு நேராகிறது, வட்டு ஓடுகிறது. ஆகவே, சிறுவர் செய்த தலைகீழ் மருத்துவம் மூடநம்பிக்கையன்று. காரணம் அறியாமலே கண்ட சரியான பரிகாரம் அது. பின்வந்த உருவங்களில் நிறுவனம் அவ்வுறுப்பை மின்வழங்கியிலிருந்து விலக்கி, தேயாத பொருளாலும் செய்தது.

குறையில்லாப் பொறியிலுங்கூடக் காத்திருத்தல் இருந்தது. வட்டிலிருந்து நொடிக்கு 300 கிலோபைட்டு வரும். பொறியின் முதன்மை நினைவகம் 2 மெகாபைட்டு. அந்நினைவகத்தை ஒருமுறை நிரப்புவதற்கே ஏறத்தாழ ஏழு நொடிகள் வேண்டும். படிப்புத் தவறித் தவறி மீண்டும் படித்தால் ஏழு நொடி எழுபதாகும். பெரிய கதையாட்டங்கள் பல வட்டுகளாக வந்தன. 1997இல் வெளிவந்த ‘பைனல் பேண்டசி’ ஏழாம் பகுதி மூன்று வட்டுகள் கொண்டது. முதல் வட்டைப் பல நாள் ஆடி முடித்தபின், இரண்டாம் வட்டு ஓடாவிடின் கதை அங்கேயே நின்றுவிடும். ஏடு முறிந்த சுவடியைப் படிப்பவர் நிலையே ஆடுபவர் நிலையும்.

இட்டு நிரப்புதலும் புள்ளியிடுதலும்

இங்கு ஒரு நுட்பம் உண்டு. பாட்டு வட்டும் விளையாட்டு வட்டும் ஒரே வடிவின. ஒரே ஒளியாற் படிக்கப்படுவன. ஆயினும் பிழை நேர்ந்தபோது இரண்டும் நடந்துகொள்ளும் முறை வேறு. பாட்டு வட்டில் திருத்தவியலாத பிழை ஒன்று வந்தால், கருவி அதற்கு முன்னுள்ள ஒலியையும் பின்னுள்ள ஒலியையும் நோக்கி, இடையில் இருந்திருக்கக்கூடிய ஒலியைத் தானே இட்டு நிரப்பிவிடும். கேட்பவர் அதனை உணர்வதில்லை. விளையாட்டு வட்டிலோ அவ்வாறு ஊகித்து நிரப்ப இயலாது. ஓர் எண் மாறினாலும் கட்டளை மாறிவிடும். ஆதலால் பொறி மீண்டும் மீண்டும் படித்துப் பார்க்கும், முடியாவிடில் நின்றுவிடும்.

சுவடிப் பதிப்பாளர் இவ்வேறுபாட்டை நன்கறிவர். உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. அவற்றின் இடத்தில் எவரும் புதுப்பாட்டு எழுதிச் சேர்க்கவில்லை. இல்லை என்றே நூல் காட்டுகிறது. செல் அரித்த சொற்களின் இடத்தில் புள்ளிகளே நிற்கின்றன. அப்புள்ளிகளை நாம் மதிக்கிறோம். எஞ்சியுள்ள சொற்களை நம்புவதற்கு அப்புள்ளிகளே நமக்குப் பிணை.

மனித நினைவு பாட்டு வட்டைப்போன்றது. தானே இட்டு நிரப்புகிறது. எழுதப்பட்ட நினைவுரையோ, சுவடிப் பதிப்பைப்போல் இருத்தல் வேண்டும். நம்மிடையே இன்று வழங்கும் பழைய பொறிகளைப் பற்றிய பேச்சும் எழுத்தும் பெரும்பாலும் முன்னதன் வழியிலேயே செல்கின்றன. புள்ளியிட வேண்டிய இடத்திற் பூவைப் பெய்கின்றன.

நினைவுரையின் குறைகள் மூன்று

முதற்குறை, பழுதைக் குணமாக்கிப் புகழ்தல். அக்காலத்தில் வட்டு ஓடாது நின்றதே நமக்குப் பொறுமையைக் கற்பித்தது என்பர். இக்கால வழக்கில் பலர்க்கும் இன்பமான வாதம் இது. ஆனால் உண்மை அன்று. வட்டு நின்றபோது சிறுவர் பொறுமையாய் இருக்கவில்லை. சினந்தனர், அழுதனர், ஒருவர்மேல் ஒருவர் பழிபோட்டனர். அந்நேரத்தில் நிகழ்ந்தது வேறு. திரை கறுத்தவுடன் அனைவரின் கண்ணும் திரையை விட்டு ஒருவர்மேல் ஒருவர் திரும்பின. எவன் துடைப்பது, எவன் கவிழ்ப்பது, அடுத்த வீட்டு அண்ணனை அழைப்பதா என்ற ஆராய்ச்சி நடந்தது. அண்ணன் வந்தார், வந்தவர் ஓர் ஆட்டம் ஆடியே சென்றார். அம்மா தேநீர் கொண்டுவந்தார், வீட்டுப்பாடம் நினைவூட்டப்பட்டது. பட்டினப்பாலையின் குழையைப்போல், நின்ற வட்டு அந்த வீட்டையும் அண்டை அயலையும் காட்டிற்று. போற்றத்தக்கது அதுவே; பழுதன்று. காற்பந்தாட்டமாகிய ‘வின்னிங் இலெவன்’ ஆடியவர் அனைவரும் இணைந்த அந்த அறையை விட்டுவிட்டு, தேய்ந்த பிளாஸ்டிக்கைப் புகழ்வது, நகரத்தை விட்டுவிட்டுக் குழையை மட்டும் புகழ்வதாகும்.

இரண்டாங்குறை, அறையில் இல்லாதவரை மறத்தல். ஆட்டப்பிடிகள் இரண்டே. நால்வர் ஐவர் கூடினால், எவன் வீட்டுப் பொறியோ அவன் கையில் ஒன்று நிலைத்துவிடும். பிறர் முறை காத்துக் கிடப்பர். முறையே வாராது பார்வையாளனாகவே வளர்ந்த சிறுவர் இலரா? அக்காளும் தங்கையும் அந்த வட்டத்துள் எத்தனை வீடுகளில் அமர்த்தப்பட்டனர்? ஓசையை அடுக்களையிலிருந்து கேட்டவர்க்கும் அப்பொறியைப் பற்றி ஒரு நினைவு உண்டு. ‘நாங்கள் எல்லாரும்’ என்று தொடங்கும் நினைவுரையில் அந்த எல்லாருள் அவர் இல்லை. புறநானூற்று முதியவர் தம்மோடு ஆடிய மகளிரைப் பாட்டில் வைத்தார். கரையில் நின்று வியந்தோரையும் வைத்தார். நம் உரைகளிலோ கரை வெறிச்சோடிக் கிடக்கிறது.

மூன்றாங்குறையே பெருங்குறை. இந்நினைவுகள் தமிழில் எழுதப்படுவதில்லை. பேசும்பொழுது தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுபவர், எழுத உட்காரும்பொழுது ஆங்கிலத்தையே நாடுகின்றனர். அவர்களைக் குறைகூறுதல் எளிது. ஆனால் காரணத்தின் ஒரு பாதி நம்மிடம் உள்ளது. கட்டுரை எழுதச் சொன்னால், காணாத ஆற்றங்கரையையும் ஏறாத மரத்தையும் எழுதினால்தான் தமிழ் என்று மாணவர் நினைக்கும்படி நாம் கற்பித்தோம். பாயில் அமர்ந்து ஆடிய ஆட்டத்திற்குத் தமிழ் வகுப்பில் நுழைவு இல்லை என்று அவர்கள் கொண்டனர். சொல் பிறக்க வேண்டிய இடத்திற் சொல் பிறக்கவில்லை.

தோட்டத்துக் கதைகளைப் பாருங்கள். லயம், பெரட்டு, மங்கு, கிராணி, தண்டல், ஆயாக்கொட்டகை என்னும் சொற்கள் எந்தப் புலவர் அவையிலும் அரங்கேறியவை அல்ல. அவற்றுட் பல பிறமொழியிலிருந்து வந்து உருத்திரிந்தவை. ஆயினும் நம் எழுத்தாளர் நாணாது எழுதியமையால், தோட்டங்கள் மறைந்தபின்னும் அச்சொற்கள் வாழ்கின்றன. சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ போன்ற நாவல்களால் தோட்டத்து வாழ்வு தமிழிலே நிலைத்தது. அடுக்ககத்துப் பிள்ளைப் பருவத்திற்கு அத்தகைய நிலைபேறு இன்னும் வாய்க்கவில்லை. கணினியில் தமிழெழுத வழிசெய்த முரசு அஞ்சல் 1985இல் தோன்றியது இந்நாட்டில். எழுதும் கருவி இங்கிருந்தே பிறந்தது. எழுதப்பட வேண்டிய பொருளை மட்டும் நாம் வெளியே நிறுத்திவிட்டோம்.

விளையாட்டுப் பொறிகளே படிக்கும் பழக்கத்தைக் கெடுத்தன, அவற்றை ஏன் இலக்கியத்துள் கொணரவேண்டும் என்று மூத்த ஆசிரியர் சிலர் வினவலாம். அவர் கவலையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு பொருள் நன்மை செய்ததா தீமை செய்ததா என்பது வேறு; அது வாழ்வில் இருந்ததா என்பது வேறு. கள்ளுண்டலைப் பாடிய பாட்டுகளை நாம் சங்க இலக்கியத்திலிருந்து நீக்கிவிடவில்லை. இருந்ததைச் சொல்லாமல் விடும் மொழி, தன் மக்களின் ஒரு காலத்தையே விட்டுவிடும்.

திறவாத மூடி

நிறுவனங்கள் இவ்வேக்கத்தை விலைபேசவும் அறிந்துகொண்டன. பொறி வெளிவந்த நாளை நினைவுகூர்ந்து, 2018 டிசம்பர் 3ஆம் நாள் சோனி நிறுவனம் ‘பிளேஸ்டேஷன் கிளாசிக்’ என்னும் சிற்றுருவை வெளியிட்டது. பழைய பொறியின் சாம்பல் நிறமும் பொத்தான்களும் வட்டமூடியும் அப்படியே உள்ளன. உள்ளே இருபது விளையாட்டுகள் பதிந்துள்ளன. ஆனால் மூடி திறவாது. வட்டு இடும் இடமும் இல்லை. திறப்பதற்கென இருந்த பொத்தானை அழுத்தினால், பல வட்டு கொண்ட ஆட்டங்களில் அடுத்த வட்டுக்குத் தாவுகிறது, அவ்வளவே.

இச்சிற்றுருவை ஒரு நினைவு நூலாகக் கொண்டு மதிப்பிடின், அட்டை அழகு, பதிப்புக் குறையுடையது. மேலைநாடுகளில் விற்றவற்றில் பல ஆட்டங்கள் ஐரோப்பியத் தொலைக்காட்சி முறைக்கு ஆக்கிய பாடங்கள். நொடிக்கு அறுபது முறை மாறவேண்டிய படம் அங்கே ஐம்பது முறையே மாறும். ஆட்டம் தளர்ந்து ஓடும். நல்ல பாடம் கைவசம் இருக்கத் தாழ்ந்த பாடத்தை மூலத்தில் வைத்த பதிப்பாளரின் பிழையை ஒத்தது இது. விற்பனை தளர்ந்து சில வாரங்களிலேயே விலையும் குறைந்தது. தடையை நீக்கிவிட்டமையால் அது தோற்றதென்று கூறுவேன் அல்லேன். ஓடாத வட்டை எவரும் விலைகொடுத்து விரும்பார். அப்பெட்டிக்குள் அறை இல்லை. அடுத்த வீட்டு அண்ணன் இல்லை. அவற்றை எந்த நிறுவனமும் வார்த்துத் தர இயலாது. எழுத்தாளரே தரக்கூடியவர்.

காலமும் நெருக்குகிறது. அமெரிக்காவில் வெளிவந்த பழைய விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 பங்கு இன்று விற்பனையில் இல்லை என்று, அந்நாட்டு விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை ஒன்று 2023இல் அறிவித்தது. வட்டின் மேற்பூச்சு கீறினால் உலோகப் படலமே உரிந்துபோம். எழுதுவட்டின் சாயமும் மங்கும். ஒளிதரும் உறுப்பும் முதுமையடையும். ஆர்வலர் சிலர் பழைய பொறியின் வட்டுப் பகுதியைக் கழற்றிவிட்டு நினைவக அட்டை படிக்கும் பலகையைப் பொருத்துகின்றனர். 2024இல் வந்த பிளேஸ்டேஷன் 5 புரோ வட்டுப் பகுதி இல்லாமலே விற்கப்பட்டது. வட்டு கவிழ்த்த கதையை நேரில் அறிந்து சொல்லும் தலைமுறை இதுவே. இதன்பின் வருவோர் கேட்டறிவாரேயன்றிக் கண்டறியார்.

செய்யத்தக்கது

நம்மால் ஆவது யாது? தொடக்கப் பள்ளியிலும் இடைநிலைப் பள்ளியிலும் தமிழ் கற்பிப்போர், ‘நான் விளையாடிய பொருள்’ என்னும் தலைப்பைத் தந்து, மாணவர் உண்மையில் விளையாடியதையே எழுதச் செய்யலாம். மாணவர்தம் பெற்றோரையே நேர்கண்டு எழுதப் பணிக்கலாம். அத்தலைமுறையே இன்று பெற்றோராய் நிற்கிறது. பொறி யாருடையது, வட்டு எங்கே வாங்கியது, ஓடாதபோது என்ன செய்தீர்கள், என்ன சொல் சொல்லித் திட்டினீர்கள், யார் ஆடவில்லை என்று ஐந்து வினாக்கள் போதும். நான்காம் வினாவின் விடை மொழியாராய்ச்சிக்கு உதவும். ஐந்தாம் வினாவின் விடை உண்மைக்கு உதவும். மலாயாப் பல்கலைக்கழகத்து இந்திய ஆய்வியல் துறை போன்ற இடங்களில் பயிலும் மாணவர், கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்ககத்து விளையாட்டுச் சொற்களைத் தொகுக்க முன்வரலாம். சிறுகதை எழுதுவோர், அந்த முன்னறையைக் களமாகக் கொள்ளலாம்.

எழுதுவோர்க்கு ஒரு வேண்டுகோள். நினைவில் நிற்பதைத் துல்லியமாக எழுதுக. நில்லாததை நில்லாததென்றே விட்டுவிடுக. ‘அக்காலம் பொற்காலம்’ என்னும் தொடரை எழுதத் தோன்றும் இடத்தில், அதற்கு மாறாகப் பாயின் நிறத்தையும், வட்டின் கீறலையும், கதவருகே நின்று பார்த்துவிட்டுப் போன சிறுவனையும் எழுதுக. ஏக்கம் தானே பிறக்கும்.

இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன் ஒரு சிறுதேர் வழியில் நின்றது. அது நின்றதைச் சொன்னமையால் ஒரு நகரம் இன்றும் நம் கண்முன் நிற்கிறது. கிள்ளானின் அடுக்ககங்களில் நின்றுபோன வட்டுகளுக்கும் அத்தகைய ஒரு சொல் தமிழிற் கிடைக்க வேண்டும். அச்சொல்லைத் தருவோர் நம் மாணவருள் இருக்கின்றனர். அவர்க்கு இடங்கொடுப்பது நம் கடன்.